நாற்றை நடுமுன் நீரைப் பாருங்கள்: வெள்ளாறு–கொள்ளிடம் கழிமுகத்தைக் காக்கச் சில வேலைகள்

கழிமுகத்தைக் காப்பது என்றவுடன் நாற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. பதாகை, படம், பிறகு ஆறு மாதத்தில் காய்ந்த குச்சிகள். செடி பிழைக்கும் இடமாக இருந்தால் பெரும்பாலும் அது தானாகவே முளைத்திருக்கும். முளைக்கவில்லை என்றால் அங்கே நீரோட்டத்தில் ஏதோ கெட்டிருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நடவு கடைசி வேலை.

இந்தக் குறிப்பு பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பகுதியை வைத்து எழுதப்பட்டது. நடுவில் கிள்ளையும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் சின்னவாய்க்கால் முகத்துவாரமும் இருக்கின்றன. பிச்சாவரம் 2022-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. முத்துப்பேட்டை, புன்னைக்காயல் போன்ற இடங்களிலும் முறை ஏறக்குறைய இதேதான், அளவுகள்தான் மாறும்.

முதலில் அளவு

இந்தக் கரையில் ஓதம் (அன்றாடம் கடல்நீர் ஏறி வற்றுவது) ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. உள்வாய்க்கால்களில் அது இன்னும் குறையும். அதனால் ஒரு சாண் மண் மேடிட்டாலே ஒரு வாய்க்கால் செத்துவிடும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சென்டிமீட்டர் கோடு போட்ட இரண்டு பி.வி.சி. குழாய்களை, ஒன்றை முகத்துவாரத்துக்கு அருகிலும் மற்றொன்றைக் காட்டுக்குள் கடைசி வாய்க்காலிலும் ஆழமாக ஊன்றுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது. அட்டமி, நவமி நாட்களில் சிறிது. இரண்டு சமயங்களிலும் நீர் உச்சத்தில் நின்ற அளவு, அடியில் நின்ற அளவு, அவற்றின் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். உள்ளே இருக்கும் குழாயில் ஏற்ற இறக்கம் மாதாமாதம் சுருங்கி, முகத்துவாரக் குழாயைவிட உச்சம் வரும் நேரமும் தள்ளிக்கொண்டே போனால் இடையில் எங்கோ தூர்ந்திருக்கிறது என்று பொருள். படகில் ஒரு கோலை ஊன்றிக்கொண்டே போனால் இடம் அகப்பட்டுவிடும்.

அடுத்தது உப்பு. கையில் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ஆயிரத்தில் 0 முதல் 100 பங்கு வரை உப்பைக் காட்டுவதாக வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரை விட்டு 0-வில் நிறுத்திக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், கடலோர ஊர்களில் அதுவே உவர்க்கும். கடல்நீர் ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. உள்ளே நிற்கும் நீர் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால், வந்த நீர் திரும்பிப் போகாமல் வெயிலில் வற்றுகிறது.

மேல்நீரை மட்டும் எடுத்து ஏமாறுவது பொதுவான பிழை. உப்புநீர் கனமானது, அடியில் தங்கும்; நன்னீர் மேலே மிதந்து ஓடும். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையை நூலோடு சேர்த்து மூடி, அடிவரை இறக்கி, நூலைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கினால் அடிநீர் கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பளவுக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது. கடற்கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆற்றில் எவ்வளவு தூரம் வரை தன் பிடி நீளும் என்பதை உப்பை வைத்தே முடிவு செய்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு எட்டும் இடம் வரை ஓதத்தின் ஆளுகை என்று கொள்ளப்படுகிறது. எனவே மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும், பெரிய ஓதத்தின் உச்சத்தில், ஆற்றின் மேற்புறமாக அரை கிலோமீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து கடைமடை வரை காவிரி நீர் வடியத் தொடங்கிவிட்டால் எண்கள் குறைந்துவிடும். அந்த அளவை வைத்து எல்லை பேசினால் உங்கள் ஊர்தான் தோற்கும்.

முகத்துவாரம்

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். ஆற்றில் நீர் வரத்து இல்லாத மாதங்களில் இந்த மணல் வாய்க்குக் குறுக்கே திட்டாக வளர்ந்து அடைக்கிறது. உள்ளே மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஏற வழியில்லை, உப்பு ஏறுகிறது.

உடனே ஜே.சி.பி. கூப்பிடச் சொல்வார்கள். கோடையில் வெட்டிய வாய் சில நாட்களில் மூடிக்கொள்ளும், ஏனென்றால் மணலைத் தள்ள உள்ளிருந்து நீர் வரவில்லை. வெட்டுவதானால் மழைக்குப் பின், உள்ளே நீர்மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்கும்போது, அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரத்தில் வெட்ட வேண்டும். குறுகலான கோடாகத் தொடங்கினால் போதும், இறங்கும் நீரே அதை அகலப்படுத்தும். எடுத்த மணலை வாய்க்குத் தெற்கே கொட்டினால் அடுத்த தென்மேற்குக் காற்றில் அதே மணல் அதே வாய்க்குள் வந்து சேரும். வடக்கே கொட்டுங்கள். நீர்வளத் துறை, மீன்வளத் துறை இரண்டுக்கும் எழுதி அனுமதி பெறாமல் இதில் கை வைக்கக் கூடாது. திடீர் வடிகாலில் உள்ளே மீன் சாவதும், படகு கட்டிய இடம் அரிபடுவதும் உண்டு.

கல் போட்டு வாயை நிரந்தரமாக்கும் யோசனையும் வரும். கல் சுவர் தெற்கே மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு வடக்கே உள்ள குப்பத்தைக் கடலுக்குக் கொடுக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் எல்லோரும் பார்க்கும்படிதான் நடந்தன.

வாயின் இருபுறமும் உள்ள மணல்மேட்டைக் காப்பதுதான் மலிவான வேலை. மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காமல் விடுங்கள். வண்டித் தடம் விழுந்த இடத்தில் அடும்புக் கொடித் துண்டுகளைக் கணு மண்ணுக்குள் போகும்படி மழைக்கு முன் பதியுங்கள். மேட்டின் முன்முகத்தில் சவுக்கு வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட ஏறும் பங்குனி ஆமைக்கு அது தடை.

உள்ளே ஏன் காடு செத்தது

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை பிச்சாவரத்தில் கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். ஒரு துண்டை முழுதும் வெட்டிவிட்டுத் தானாக வளரும் என்று விட்டுவிடுவது அந்த முறை. நிழல் போனதும் சேறு காய்ந்து சுருங்கி அமிழ்ந்தது. நடு தாழ்ந்து, வாய்க்கால் ஓரம் மேடாக நின்றது. பெரிய ஓதத்தில் உள்ளே ஏறிய நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை. பழியை விறகு பொறுக்கியவர்கள் மேலும் மாடுகள் மேலும் போட்டது தனிக் கதை.

இதற்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 1990-களில் செய்து காட்டிய வழி மீன்முள் வாய்க்கால். இயற்கை ஓடையிலிருந்து ஒரு தலைவாய்க்கால், அதன் இருபுறமும் முள் முள்ளாகக் கிளைகள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது. ஊராட்சி நிலத்திலும் புறம்போக்கிலும் என்றாலும் அனுமதி வேண்டும். அளவெடுத்துத் திட்டம் வரைந்து கொடுப்பது உங்கள் வேலை.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் போதும். 20 மீட்டர் டியூபில் நீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் இரண்டு முனையும் பொய் சொல்லும். ஓடைக்கரையிலிருந்து நடுப்பள்ளம் வரை 10 மீட்டருக்கு ஒரு குச்சி அடித்து உயரத்தைக் குறியுங்கள். நடு தாழ்வாகவும் ஓரம் மேடாகவும் வந்தால் வாய்க்கால் வெட்டலாம். மட்டம் சீராக இருந்து செடி மட்டும் இல்லையென்றால் காரணம் வேறு: ஆடு மாடு, நண்டு, விதை வந்து சேராமை.

தலைவாய்க்கால் மேலே சுமார் 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைகள் இதைவிடச் சிறியவை. பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும், செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே இடிந்து விழும். கிளைகள் தலைவாய்க்காலில் 30 முதல் 45 பாகைச் சாய்வில், நீர் வெளியேறும் திசை நோக்கிச் சேர வேண்டும். நேர்க்குத்தாகச் சேர்த்தால் நீர் முட்டி வேகம் குறைந்து அந்தச் சந்தியிலேயே வண்டலைப் போட்டுவிடும். அடிமட்டம் பள்ளத்தின் தாழ்ந்த இடத்தைவிடத் தாழ்வாகத் தொடங்கி, ஓடைப் பக்கம் மேலும் இறங்க வேண்டும். நீர் உள்ளே வருவதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள், இறங்கு ஓதத்தில் முழுதும் வடிகிறதா என்று பாருங்கள்.

உள்ளிருந்து ஓடையை நோக்கி வெட்டிக்கொண்டே வந்து, கடைசித் துண்டை இறங்கு ஓதத்தில் திறந்துவிடுங்கள். வெட்டிய மண்ணை இரு கரையிலும் தொடர் வரப்பாகக் குவிப்பதுதான் எல்லாரும் செய்யும் பெரிய தவறு. அந்த வரப்பு நீரை மறுபடியும் சிறை வைத்துவிடும். பரப்பிவிடுங்கள், அல்லது சில மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டுக் குவியுங்கள். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் வாரப் பணம் இல்லையென்றால் வெட்டத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இடத்தை முடிவு செய்யும் முன், அந்த ஓடைகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிடம் கேளுங்கள். எந்த மடுவில் நீர் நிற்கும், எங்கே வடியும் என்பது உங்கள் டியூபுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிழைப்பு நடக்கும் ஓடையை அவர்களைக் கேட்காமல் வெட்டுவது அநியாயமும்கூட.

இப்போது நடவு

வாய்க்கால் வெட்டிய பின் ஒரு மழைக்காலம் உப்பைக் கழுவட்டும். அளவு கடல்நீரை ஒட்டி இறங்கிய பிறகு நடுங்கள். வெட்ட வெளியில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம்தான் முதலில் பிழைக்கும்; உப்பைத் தாங்குவதில் அதை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. மரத்தின் கீழ் விழுந்த விதையைப் பொறுக்கி நீரில் ஊறவையுங்கள், தோல் தானாகக் கழன்றால் முற்றியது. கிளை வாய்க்காலின் சரிவில் நடுப்பகுதியில், மீட்டருக்கு ஒன்றாக மெல்ல அழுத்துங்கள். உச்சியில் வைத்தால் உப்பில் காயும், அடியில் வைத்தால் மூழ்கி அழுகும்.

சுரபுன்னை என்னும் இன்னொரு அலையாத்தி மரம் ஓடை ஓரத்துக்கு உரியது. அதன் நீண்ட காயில், மேல் முனையில் வெளிர் மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது. கூர்முனை கீழாக, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் போகும்படி குத்துங்கள். தலைகீழாக நட்ட வரிசைகளைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

எப்போதும் நீர் நிற்கும் சேற்றுத் திடலில் எதையும் நடாதீர்கள். அலையாத்தி சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல்தான் வளரும். வெறும் சேறாகத் தெரியும் அந்தத் திடல் கொக்குக்கும் உள்ளானுக்கும் மேய்ச்சல் நிலம். அது காலியிடம் அல்ல.

முதல் ஆண்டில் கொல்பவை மூன்று: ஆடு மாடு, செடியில் சுற்றும் பாசிப் படலமும் அறுந்த வலைத் துண்டும், தண்டில் ஒட்டும் கொட்டலசு என்னும் ஓட்டு உயிரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையால் பாசியையும் வலையையும் எடுத்தாலே பாதி செடி தப்பும். மேய்ச்சலுக்கு வேலியைவிட மாடு வைத்திருப்பவர்களோடு பேசி வேறு வழி ஒதுக்குவது நீடிக்கும்.

மேலே உள்ள நிலம்

கழிமுகத்துக்கு நன்னீர் வருவது வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் கடைமடை வடிகால்களிலும்தான். வெள்ளாற்றின் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கும் கொள்ளிடத்தின் கீழணைக்கும் கீழே எவ்வளவு நீர் விடப்பட்டது என்ற விவரத்தை நீர்வளத் துறையிடம் மாதாமாதம் கேட்டு, உங்கள் உப்புக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆற்றில் மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தால் உப்பு மேலேறும் தூரம் கூடும். மே மாத அளவுகள் ஆண்டுக்கு ஆண்டு மேலே நகர்வதில் அது தெரியும்.

இறால் பண்ணை உள்ள இடத்தில், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுவடை நாளில் குளத்தின் கடைசிப் பங்கு நீர்தான் அடிச் சேற்றையும் தீவன மிச்சத்தையும் சுமந்து வரும். அந்த நீரை மட்டுமாவது தனிக் குட்டையில் ஓரிரு நாள் நிறுத்தித் தெளியவிட்டு வெளியேற்றப் பண்ணைக்காரர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். எல்லா நீரையும் நிறுத்தச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

வடிகால் கரையில் வெட்டிவேர், நாணல், தாழை. மேட்டு வரப்பில் பனங்கொட்டை, 3 மீட்டர் இடைவெளி, மழைக்கு முன். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்கி அதே பருவத்தில் அந்த இடத்தில் வேறொன்று வைக்க வேண்டும்.

காகிதம்

கழிமுகத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில உடைமையைக் காட்டும் அ-பதிவேட்டு நகலும் எல்லையைக் காட்டும் புல வரைபடமும் எடுத்து வையுங்கள். புறம்போக்கு எது, பட்டா எது, காப்புக் காடு எது என்று ஒரு வரைபடத்தில் வண்ணமிடுங்கள். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பட்டை உண்டு. 2019 அறிவிக்கை தனியார் நிலத்தில் உள்ள காட்டுக்கு அந்தப் பட்டையைக் கேட்பதில்லை. ஓதம் ஏறும் ஆற்றின் கரையில் 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர், 2019-ன்படி 50 மீட்டர். ஆற்றின் அகலம் அதைவிடக் குறைவானால் அந்த அகலம். உங்கள் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அதிகார அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள்.

சந்தேகமான கட்டுமானமோ நிரப்பலோ கண்டால், தேதியும் இடக்குறியும் பதியும் கைபேசிப் படம் முதலில். பிறகு தகவல் உரிமைச் சட்ட மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "நடவடிக்கை எடுத்தீர்களா" என்று கேட்காதீர்கள். "சர்வே எண் இன்னதற்கு வழங்கிய கடலோர மண்டல அனுமதியின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குப் பொருத்தம். உங்கள் அளவுப் பதிவேட்டை வாசித்துத் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் பயனில்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அலுவலகங்களின் பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் அதிகம். எனவே முதல் படம் எடுத்த அன்றே கெடு முடியும் நாளையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.