ஆடியில் தினம் ஒரு ரீல்ஸ், ஆவணியில் ஆளைக் காணோம்

ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) பிளவுஸ் தைப்பவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கல்யாணம் இல்லாத ஆடியில் தினம் ஒரு ரீல்ஸ். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியதும் சத்தமே இருக்காது. நடுவில் ஒரு தீபாவளி வாழ்த்து. மார்கழியில் திரும்பச் சுறுசுறுப்பு, தை பிறந்தால் திரும்ப மௌனம். ஆர்டர் குவியும் மாதங்களில்தான் பக்கம் பூட்டிய கடை மாதிரிக் கிடக்கிறது. ஆவணியில் தேடி வரும் கல்யாணப் பெண், கடைசிப் போஸ்ட்டின் தேதியைப் பார்த்ததும், "இவங்க இப்பவும் தைக்கிறாங்களா?" என்று நினைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

கேட்டால் நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் சறுக்கல் ஆடியில் போட்ட கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது. கை சும்மா இருக்கும் வாரத்தை வைத்து "இனி தினமும் போடுவேன்" என்று முடிவெடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கணக்குப் போட வேண்டியது முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தை வைத்து. ராத்திரி பத்து மணிக்கும் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில் எத்தனை முடியுமோ, அதுதான் உங்கள் அளவு. இரண்டு என்றால் வருஷம் முழுக்க வாரத்துக்கு இரண்டே போதும். ஆடியில் ஆசை தீர எடுங்கள், ஆனால் எடுத்ததையெல்லாம் ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது, வீடியோ எடுப்பது, வெட்டுவது, எழுதுவது, போடுவது என்று நான்கையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பது. கடை சாத்திய பிறகு உட்கார்ந்து "இன்னைக்கு என்ன போடலாம்?" என்று யோசித்தால் தூக்கம்தான் வரும். எடுக்கிற வேலையை வேலையோடு வேலையாக முடித்துவிடலாம். பகல் வெளிச்சத்தில் ஃபிரேமில் துணி கட்டியிருக்கும்போது நூல் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அரை நிமிஷம் ஓடவிடுங்கள். துணிக்கு அடியில் ஒரு கை நூலைப் பிடித்துக்கொடுக்க, மேலே இன்னொரு கை கொக்கி ஊசியை இறக்கி அதை இழுத்து எடுக்கிறதே, அந்த அடிக்கையைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பார்த்ததே இல்லை. முடித்த பிளவுஸைப் பொம்மைக்கு மாட்டி எடுக்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறது. அடிக்கையைக் காட்டுங்கள், நின்று பார்ப்பார்கள்.

எழுதுவதற்கு விஷயம் இல்லை என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். "கழுத்துக்கு மட்டும் எவ்வளவு, கைக்கும் சேர்த்தா எவ்வளவு?" "துணி நாங்க தரணுமா?" "எத்தனை நாள் முன்னாடி கொடுக்கணும்?" "ஜர்தோசி ஜரிகை கறுக்குமா, துவைக்கலாமா?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு போஸ்ட். எப்படியும் பதில் தட்டச்சு செய்யத்தான் போகிறீர்கள், அதையே நகலெடுத்துக் கேப்ஷனாகப் போடலாம். விலையைக் கேட்டால் "டிஎம் பண்ணுங்க" என்பதையும் விட்டுவிடுங்கள். "இத்தனையிலிருந்து ஆரம்பம்" என்று ஒரு வரி எழுதினால் பாதி விசாரிப்பு குறையும். அந்த நேரமும் உங்களுக்குத்தான் மிச்சம்.

சேர்த்து வைத்ததைத் தானாகப் போகவைக்க வழி இருக்கிறது. கணக்கைப் ப்ரொஃபஷனலாக மாற்றியிருந்தால் இன்ஸ்டாகிராம் செயலியிலேயே 75 நாள் வரை முன்னதாக ஷெட்யூல் செய்யலாம். ஃபேஸ்புக்குக்கும் சேர்த்து வேண்டுமென்றால் மெட்டா பிசினஸ் சூட் இலவசம்தான். ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஆவணி முழுக்க ஓடும். டிராஃப்டில் போட்டுவைத்து நிம்மதியாக இருப்பது வேறு, அது ஆபத்து. டிராஃப்டுகள் அந்தப் போனில்தான் இருக்கின்றன, செயலியை நீக்கினால் அவையும் போய்விடும். வீடியோவின் ஒரு பிரதி கேலரியில் இருக்கட்டும்.

ஷெட்யூல் செய்துவிட்டு மறந்துபோவதும் தவறே. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் தத்தளித்த மாதிரி ஒரு நாளில், "இன்று மட்டும் சிறப்புத் தள்ளுபடி!" என்று உங்கள் பக்கம் தானாகக் கூவினால் எப்படி இருக்கும்? காலையில் டீ குடிக்கும்போது, அன்று என்ன போகப்போகிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகத் தயாரிக்கவும் வேண்டாம். ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூன்றுக்கும் ஒரே நெட்டுக்குத்து வீடியோ போதும். வேறு செயலியின் முத்திரை விழுந்த பிரதியை மட்டும் ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட ரீல்ஸைக் குறைவாகத்தான் பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் ஸ்டோரியில் போட்ட விலைப்பட்டியலைப் பக்கத்தின் மேலேயே நிற்கும் ஹைலைட்டில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் வாரா வாரம் அதையே போட வேண்டியிருக்கும். சினிமாப் பாட்டு சேர்ப்பதும் தலைவலி. பிசினஸ் கணக்குகளுக்குப் பாட்டு உரிமை குறைவு, சில சமயம் சத்தத்தையே எடுத்துவிடுவார்கள். உங்கள் குரலில் இரண்டு வாக்கியம் பேசினால் எடிட்டிங்கும் மிச்சம்.

வாழ்த்துப் போஸ்டர்களைப் பற்றிக் கடுமையாகத்தான் சொல்வேன். பொங்கல், மகளிர் தினம், சுதந்திர தினம் என்று லோகோ ஒட்டிய வார்ப்புருக்கள் எண்ணிக்கையைக் கூட்டும், ஓர் ஆர்டரும் தராது. வாழ்த்து சொல்லத்தான் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பேர் சொல்லி அனுப்புங்கள்.

பாஸ்வேர்டைத் தம்பியிடமோ பக்கத்துவீட்டுப் பையனிடமோ கொடுத்து "நீயே பார்த்துக்கோ" என்பவர்கள், மீட்பு மொபைல் எண்ணாவது தங்களுடையதாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி விழும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் ரீல்ஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள்? அப்படி மூன்று வாரம் போய்விட்டால், "ரொம்ப நாளா வரமுடியலை, மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு போஸ்ட் போடுவதைத் தவிருங்கள். நீங்கள் வராததைப் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள், நீங்களேதான் சொல்லிக் காட்டுகிறீர்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் ஐந்து போடுவதும் வீண். முதலில் பதில் சொல்லாமல் கிடக்கும் கமெண்டுகளுக்கும் மெசேஜ்களுக்கும் பதில் போடுங்கள், அதில் சில ஆர்டராகவே இருக்கும். பிறகு ஃபிரேமில் இருக்கும் துணியை அரை நிமிஷம் எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததை வியாழக்கிழமைக்கு ஷெட்யூல் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.