முசாஷியைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஜப்பானிய வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி என்றதும் பலருக்கு 1612இல் கன்ரியூ தீவில் நடந்த சண்டைதான் ஞாபகம் வரும். எதிராளி சசாக்கி கோஜிரோ காத்துக் காத்துப் பொறுமையிழக்கிறார். முசாஷி வேண்டுமென்றே தாமதமாக வந்து, துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளால் கதையை முடிக்கிறார். அப்புறம் நாமும் 'எதிராளியைக் காக்க வைத்துக் குழப்பு' என்று ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறோம்.

முதல் தவறு இதுதான். தாமதமாக வந்த கதை, 1776இல் தொகுக்கப்பட்ட 'நித்தென்கி' என்ற நூல் சொல்வது. முசாஷி இறந்ததோ 1645இல். 1654இல் வளர்ப்பு மகன் இயோரி கோகுராவில் நிறுத்திய கல்வெட்டு, இருவரும் ஒரே நேரத்தில் சந்தித்ததாகச் சொல்கிறது. முசாஷி தான் எழுதிய 'கோரின் நோ ஷோ' நூலில் இந்தச் சண்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. காதலி ஒத்சு? 1930களில் வந்த தொடர்கதையின் கற்பனை.

தோற்காத வீரர் என்பதோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. 13 வயதில் தொடங்கி 29 வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றிலும் தோற்கவில்லை என்று அவரே எழுதுகிறார். ஆனால் அடுத்த வரிகளை யாரும் பகிர்வதில்லை. முப்பது கடந்து திரும்பிப் பார்த்தபோது, தான் ஜெயித்தது கலையில் தேர்ந்ததால் அல்ல என்று அவருக்குப் பட்டது. பிறவித் திறமையாக இருக்கலாம், மற்ற வாள்பயிற்சிப் பள்ளிகளின் குறையாகவும் இருக்கலாம் என்கிறார். போர்க்கலையின் வழி பிடிபட்டது ஐம்பது வயதில்தானாம்.

கைக்கொன்றாக வாள் பிடிக்கும் அவருடைய இரட்டை வாள் முறையை வெறும் பகட்டாக நினைப்பவர்களும் உண்டு. குதிரை மேலும் சேற்றிலும் வாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் ஒரு கையால் வீசப் பழகு என்பதே அவர் சொல்லும் காரணம். இடுப்பில் ஓர் ஆயுதத்தைப் பயன்படுத்தாமலே வைத்துக்கொண்டு சாவது வீண் என்றும் நினைத்தார்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு அவரை ஞானியாக மட்டும் படிப்பது. குமமோத்தோ அருகே ரெய்கன்டோ குகையில் 1643இல் தொடங்கிய 'கோரின் நோ ஷோ'வில் மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என ஐந்து சுருள்கள். பலரும் நேராக வெறுமைக்குத் தாவுகிறார்கள். அது சில பத்திகள்தான். நீர்ச் சுருளிலோ வாளைப் பிடிக்கும் விதம்கூட இருக்கிறது: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக, நடுவிரல் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், மோதிர விரலும் சுண்டுவிரலும் இறுக்கமாக. சரி, ஒரு குச்சியை எடுத்து அப்படிப் பிடித்துப் பாருங்கள்.