மட்டக்களப்பு வானத்துக்கு இலகு மவுண்ட்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் தொலைகாட்டியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுகளைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலானோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர்களுடைய வானம் வேறு. லண்டன் 51.5 பாகை அகலாங்கில் இருக்கிறது, ரொறன்ரோ 43.7 பாகையில். மட்டக்களப்பு நகரம் 7.7, அம்பாறை 7.3, பொத்துவில் 6.9. இந்த எண்ணைப் பார்க்காமல் எடை, விலை, எவ்வளவு பாரம் தூக்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

எக்குவற்றோரியல் மவுண்டின் தத்துவம் எளிது. பூமி சுற்றும் அச்சுக்கு இணையாக ஓர் அச்சைச் சாய்த்து வைத்துவிட்டால், அந்த ஒரே அச்சை மோட்டர் மெதுவாகச் சுற்றினால் போதும், நட்சத்திரம் பார்வையை விட்டு நகராது. அந்த அச்சு அடிவானத்தில் இருந்து எவ்வளவு உயர வேண்டும்? நீங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் அது பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். இங்கே கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும். எல்லா மவுண்டுக்கும் அப்படிப் படுக்க வராது.

கீழ் எல்லையைப் பார்க்காமல் வாங்குவது

ஒவ்வொரு மவுண்டின் விவரப் பட்டியலிலும் அகலாங்கு எல்லை என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஸ்கைவொட்ச்சர் ஈகியூ6-ஆர் 10 பாகையில் இருந்து 65 வரை. யாழ்ப்பாணமே 9.7 பாகையில்தான் இருக்கிறது. ஆகவே இலங்கை முழுவதுமே இந்த எல்லைக்கு வெளியே. செலஸ்ட்ரோன் ஏவிஎக்ஸ் 7 பாகையில் தொடங்குகிறது. மட்டக்களப்புக்கு மயிரிழையில் சரி. அதே மவுண்டைப் பொத்துவிலுக்குக் கொண்டுபோனால் எல்லைக்குக் கீழே போய்விடுவீர்கள். ஐஒப்ட்ரோன் சீஈஎம்26, இசட்டபிள்யூஓ ஏஎம்5 போன்றவை பூச்சியம் வரை இறங்கும்.

மாமாவோ மச்சானோ வெளிநாட்டில் இருந்து வரும்போது பாவித்த மவுண்ட் ஒன்றைக் கொண்டு வருவது நம் ஊரில் வழக்கம். நல்ல சாமானாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அவர் அதை 50 பாகையில் வைத்துப் பாவித்தவர். கீழே எவ்வளவு இறங்கும் என்று பார்க்க அவருக்குத் தேவை வந்திருக்காது. வாங்குமுன் ஒரு படம் கேளுங்கள்: அச்சை இறங்கும் மட்டும் இறக்கி, தொலைகாட்டியைச் சமன்செய்ய மறுபக்கம் தொங்கும் எதிர்ப்பாரத்தின் தண்டையும் பூட்டி, பக்கவாட்டில் எடுத்த படம். பேச்சை விட அந்தப் படம் நம்பகமானது.

கையில் ஏற்கெனவே 10 பாகை மவுண்ட் இருந்தால் விற்க வேண்டியதில்லை. முக்காலி மட்டமாக நிற்க வேண்டும் என்பது அச்சைத் துருவத்துக்கு நேராகச் சீரமைக்கும் வேலையை இலகுவாக்கத்தானே தவிர, நட்சத்திரத்தைத் தொடர்வதற்கு அது கட்டாயம் இல்லை. வடக்குப் பக்கக் காலைச் சற்றுக் குறைத்தால் மொத்தமும் வடக்கே சரியும், அச்சும் இறங்கும். கால்களுக்கு இடையே ஒரு மீற்றர் இருந்தால், மட்டக்களப்பில் தேவையான 2.3 பாகைக்கு மூன்றரை சென்ரிமீற்றர் போதும். பொத்துவிலில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிச் சரித்தால் பாரம் வடக்கே சாயும் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கால் உறுதியான நிலத்தில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பாரமும் முக்காலிக் காலும்

எல்லைக்குள் இருப்பதால் மட்டும் பிரச்சினை தீராது. அச்சு படுத்துவிட்டால் எதிர்ப்பாரத் தண்டு வடக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட நேராகக் கீழே தொங்கும். பெரும்பாலான முக்காலிகளில் ஒரு காலை வடக்கே வை என்று கையேடு சொல்லும். அப்போது தண்டு போய் அந்தக் காலிலேயே இடிக்கும். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இடித்தால் பல்சக்கரம்தான் பாடுபடும். இரண்டு கால்களை வடகிழக்கிலும் வடமேற்கிலும் வைத்து, தண்டை நடுவில் தொங்கவிட்டால் இடம் கிடைக்கும், ஆனால் வடக்கே கவிழும் ஆபத்துச் சற்றுக் கூடும். தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு உயர்த்தும் குழாய் போடுவதே என் கணக்கில் நல்ல வழி. விலை கொஞ்சம், எடை கொஞ்சம், நிம்மதி நிறைய.

இந்தக் குழாய்க்கு இன்னொரு தேவையும் உண்டு. திருவாதிரை நட்சத்திரம் மட்டக்களப்பில் உச்சிக்கு அரைப் பாகைக்குள் வந்து போகும். ஒரியன் விண்மீன் கூட்டமும் சனியும் வியாழனும் எல்லாம் தலைக்கு மேலேயே நடமாடும். தொலைகாட்டி செங்குத்தாக நிற்கும்போது அதன் பின்பகுதி முக்காலிக் காலுக்கு மிக அருகே வரும். நீளமான குழாயில் கமராவும் பூட்டியிருந்தால் நிச்சயம் உரசும். கையால் ஒரு முறை கிழக்கில் இருந்து மேற்கு வரை சுற்றிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் நமக்கு எக்குவற்றோரியல் எதற்கு என்று கேட்கலாம். இங்கே ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. மேல்கீழ், பக்கவாட்டு என்று இரு அச்சில் சுற்றும் சாதாரண மவுண்டுக்கு உச்சி வானம்தான் கஷ்டமான இடம். அங்கே ஒரு பொருளைப் பின்தொடர அது வேகமாகத் திரும்பித் தடுமாறும். எக்குவற்றோரியலுக்குக் கஷ்டமான இடம் துருவம். நமக்குத் துருவம் அடிவானப் புகாருக்குள் கிடப்பதால் இழப்பது ஒன்றுமில்லை.

துருவ நட்சத்திரத்தை நம்பிக் காத்திருப்பது

கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகை. துருவ நட்சத்திரம் நமக்கு அந்த முட்டிக்கும் கீழே. வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் முடிந்தது கதை. மரம் இல்லாவிட்டாலும் ஈரப்பதனில் மங்கிப் போகும். ஆகவே துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்கும் துருவக் குழல் உள்ள மவுண்ட் என்று அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது இங்கே வீண். அதற்குப் பதிலாகத் துருவம் தெரியாமலே சீரமைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கைவொட்ச்சரின் சின்ஸ்கான் கைக்கருவியிலும் செலஸ்ட்ரோனின் கைக்கருவியிலும் அது இருக்கிறது. கமராவும் கணினியும் வைத்திருப்போருக்கு நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பக்கத்திலும் வேலை செய்யும். சில மென்பொருள்களுக்குத் துருவத்தைச் சுற்றிய வானம் தெரிந்தே ஆக வேண்டும். வாங்கிவிட்டுத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எதுவும் இல்லையென்றால் பழைய முறை இருக்கிறது. ஒரியனின் இடுப்புப் பட்டியில் உள்ள மிந்தாக்கா நட்சத்திரம் ஏறத்தாழ வான மத்திய கோட்டிலேயே இருக்கிறது. அது உச்சியை நெருங்கும்போது கண்வில்லையின் குறுக்குக் கம்பியில் வைத்துச் சில நிமிடம் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே கூடிவிட்டது, வடக்கே நழுவினால் மேற்கே. அப்புறம் கிழக்கில் தாழ்வாக நிற்கும் ஒரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. கிழக்கே கடல் திறந்து கிடப்பதால் எழுவான்கரைக்காரருக்கு இந்த இரண்டாவது வேலை சுகம்.

போனில் உள்ள திசைகாட்டியை எதிர்ப்பார இரும்புக்கு அருகே பிடிக்காதீர்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

“13 கிலோ தூக்கும்” என்பதை அப்படியே நம்புவது

உற்பத்தியாளர் தரும் பாரம், மவுண்ட் அசைக்கக்கூடிய பாரம். படம் எடுக்க அதில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கு வைப்பது வழக்கம். கண்ணால் மட்டும் பார்ப்பவர் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எதிர்ப்பாரம் இந்தக் கணக்கில் சேராது. தொலைகாட்டி, கமரா, வழிகாட்டும் சிறு தொலைகாட்டி, பூட்டும் பட்டை, வயர் எல்லாம் சேரும். அதோடு நீளமும் கணக்கு. ஐந்து கிலோ எடையுள்ள நீளமான நியூட்டன் வகைத் தொலைகாட்டியும் ஐந்து கிலோக் குட்டைத் தொலைகாட்டியும் மவுண்டுக்கு ஒன்றல்ல. நீளமானது காற்றில் பாயைப் போல நிற்கும். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் நமக்கு வானம் தெளிவு, ஆகவே இது சின்ன விடயம் இல்லை. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை. அப்போது மவுண்ட் பெட்டிக்குள்தான்.

இப்போது எல்லோரும் கேட்பது ஹார்மோனிக் வகைப் பல்சக்கரத்தில் ஓடும் இலகு எடை மவுண்டுகளை. ஏஎம்5 தலை 5 கிலோதான், எதிர்ப்பாரம் இல்லாமல் 13 கிலோ தூக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு மோட்டார்சைக்கிளில் கொண்டுபோகலாம். எதிர்ப்பாரம் தேவைப்படாத வரை தண்டு காலில் இடிக்கும் தொல்லையும் இல்லை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பல்சக்கரம் சுற்றச் சுற்றத் திரும்பத் திரும்ப வரும் சுழற்சிப் பிழை இவற்றில் பெரியது, ஏறத்தாழ 20 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) இந்தப் பக்கமும் 20 அந்தப் பக்கமும். 400 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள தொலைகாட்டியும் 3.76 மைக்ரோன் புள்ளியுள்ள கமராவும் வைத்தால் ஒரு புள்ளிக்கு 1.9 விகலை, அதாவது நட்சத்திரம் இரு பக்கமும் சேர்த்து 20 புள்ளிகள் அளவுக்கு ஓடும். நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் வழிகாட்டும் கமரா இல்லாமல் வாங்கிப் பயனில்லை. அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மற்றது, எதிர்ப்பாரம் இல்லாத தொலைகாட்டி கிழக்கிலோ மேற்கிலோ வெளியே தள்ளி நிற்கும். இலகு முக்காலியோடு சேர்த்தால் கவிழ்வதற்கு ஒரு தள்ளு போதும். நடுவில் ஒரு மண்பை தொங்கவிடுங்கள். கல்லடிக் கடற்கரையில் மண்ணுக்கா பஞ்சம்?

அந்த மண்ணே முக்காலியையும் விழுங்கும். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சாண் அகலப் பலகைத் துண்டு வைத்தால், சீரமைத்த பிறகு மெல்ல மெல்ல இறங்காது. கடற்காற்றில் உப்பு இருப்பதால் இரவு முழுக்க வெளியே விட்டுவைக்காதீர்கள். திருகாணிகள் துருப்பிடித்தால் அகலாங்கை மாற்றும் திருகுதான் முதலில் இறுகும்.

எதிர்ப்பாரத்தை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரச் சொல்வதும் வீண்செலவு. விமானப் பொதியில் ஐந்து கிலோ இரும்புக்கு இடம் கொடுப்பதை விட, தண்டின் விட்டத்தைச் சரியாக அளந்து இங்கே லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். சிறிய பாரமாக இரண்டு செய்தால் இருப்பிடத்தைச் சரிசெய்ய வசதி. தண்டில் இருந்து கழன்று காலில் விழாமல் இருக்க அடியில் உள்ள பாதுகாப்பு மூடியைக் கட்டாயம் பூட்ட வேண்டும்.

மின்சாரம்: 12 வோல்ட் பற்றரி ஒன்று போதும், ஆனால் கணினியையும் அதிலேயே பூட்டி வோல்ட் இறங்கினால் மவுண்டின் நடத்தை மாறும், பழி மவுண்டில் விழும். சின்ஸ்கான் கைக்கருவியில் திகதி கேட்கும்போது மாதம் முதலில், நாள் பிறகு. நேர வலயம் +5:30, கோடைகால நேரம் ‘இல்லை’. இவற்றில் ஒன்று பிசகினாலும் மவுண்ட் திருவாதிரையைத் தேடி வேறெங்கோ, தரைக்குள் கூடப் போகலாம். தென் வானப் பொருள்கள் நன்றாகத் தெரிகின்றன என்பதற்காகத் தென் அரைக்கோளம் என்று போட்டுவிடாதீர்கள். ஒமேகா செந்தோரி நட்சத்திரக் கொத்து 35 பாகை உயரத்தில் நின்றாலும் நாம் நிற்பது வடக்கில்தான்.

படுவான்கரையின் வயல்வெளிகளில் இருட்டு அருமை. வெல்லாவெளிப் பக்கம் போவதென்றால் யானை நடமாட்டத்தை ஊராரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், பத்து நிமிடத்தில் கழற்றி ஏற்றக்கூடிய மவுண்டையே கொண்டுபோங்கள்.