முதிய பாலை மரத்தைப் பதிவு செய்யும்போது விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டில் நிற்கும் பழைய பாலை, வீரை, முதிரை, மருது மரங்களை எல்லாம் யாராவது அளந்து எழுதி வைப்பது மிக அவசியமான வேலை. ஆனால் இருபது வருஷம் கழித்து இன்னொருவர் அதே மரத்தில் அதே இடத்தில் நாடாவைச் சுற்றிப் பார்க்க முடிய வேண்டும். பல பதிவுகளை வைத்து அதைச் செய்ய முடியாது.

பெரிய பிழை, வயதை ஊகித்து எழுதுவது. ‘500 வருஷப் பாலை’ என்று எழுதிவிட்டால் பிறகு அதை யாரும் அழிப்பதில்லை. பாலை மெதுவாக வளரும் மரம். குளத்தோரம் நிற்பதும் கல்லு நிலத்தில் நிற்பதும் ஒரே வயதானாலும் ஒரே பருமனாக இருக்காது. குளிர் நாட்டு மரங்களைப் போல ஆண்டு வளையத்தை நம்பி எண்ணவும் முடியாது. முதிய மரத்தின் நடு பெரும்பாலும் பொந்தாகியிருக்கும். குளம் பழையது, ஆகவே குளக்கட்டில் நிற்கும் மருதும் பழையது என்பதும் சரிவராது. உடைந்து, தூர்ந்து, பிறகு திருத்திக் கட்டிய குளங்கள் இங்கே நிறைய. ‘இது பண்டாரவன்னியன் காலத்து மரம்’ என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் அதையும் கட்டாயம் எழுதுங்கள், அவர் சொன்னதாக. வன்னி அரசனான அவன் ஆங்கிலேயரோடு போரிட்ட 1803 என்று நீங்களாக ஆண்டு போட்டு முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது அளவு. சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் எடுப்பதுதான் வழக்கம், கிட்டத்தட்ட நாலேகால் அடி. ஆனால் காட்டு மரம் அதற்கு வசதியாக நிற்பதில்லை. அடியில் கறையான் புற்று இருந்தால் புற்றின் உச்சியிலிருந்து எண்ணக்கூடாது, உண்மையான நிலமட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். குளக்கட்டுச் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். மருதின் அடி பலகை பலகையாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு முடிகிற இடத்துக்கு மேலே அளந்து, எத்தனை மீற்றரில் அளந்தீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். கொடி சுற்றியிருந்தால் வெட்ட வேண்டாம், நாடாவை அதற்குக் கீழாக நுழைத்து எடுங்கள். தையல்காரர் நாடா இழுபடும். உருக்கு நாடா அல்லது கண்ணாடிநார் நாடா நல்லது. பாலையை ஆலோ இத்தியோ நெரித்துப் பிடித்திருந்தால் இரண்டையும் சேர்த்துச் சுற்றி ‘பாலை 6 மீற்றர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதில் பாதி ஆலின் வேர்.

இனத்தையும் நிச்சயப்படுத்துங்கள். வெப்பாலை, ஏழிலைப்பாலை இரண்டும் பாலப்பழம் தரும் பாலை அல்ல. தடித்த, நுனி சற்று வெட்டுண்ட இலை, கறுத்து ஆழமாக வெடித்த பட்டை இவற்றைக் கிட்ட வைத்துப் படம் எடுங்கள், பழம் இருந்தால் அதையும். முழு மரத்தின் படத்தில் ஒரு ஆள் அடிமரத்தோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் பருமன் தெரியாது. மன்னார் பள்ளிமுனைப் பெருக்க மரம் (பாவோபாப்) எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதைச் சுதேச மரங்களின் பட்டியலில் சேர்க்கக்கூடாது.

இலக்கத் தகடு அடிக்க ஆணி வேண்டாம், பெயின்ற் வேண்டாம். மரத்தடியில் சூலமோ கல்லோ இருந்தால் அது வைரவர் இருக்கும் இடம். செருப்பைக் கழற்றி, பராமரிப்பவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. சிவப்புப் பலகை கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத காட்டுக்குள்ளும் தேன் எடுக்கவோ மாடு தேடவோ வழக்கமாகப் போய்வரும் ஊராள் ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள். ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி முதலில். யானை நடமாட்டம் உள்ள பக்கமென்றால் பொழுதுபடுமுன் வெளியே வந்துவிட வேண்டும்.

கடைசியாக இடக்குறிப்பு. போனில் விழும் முதல் ஜிபிஎஸ் இலக்கத்தை அப்படியே எழுதாதீர்கள். அடர்ந்த மர நிழலில் அது பல மீற்றர் தள்ளிக் காட்டும், சற்று நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அந்தச் சரியான இலக்கம் உங்கள் கொப்பியில் இருக்கட்டும், திணைக்களத்துக்குக் கொடுங்கள். முகநூலில் போடாதீர்கள். முதிரைக்கும் கருங்காலிக்கும் இருக்கும் விலை மரக் கள்ளருக்குத் தெரியும். பொதுவில் ஊர்ப் பெயரோ பிரதேச செயலகப் பிரிவோ போதும்.