சிப்பிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

எங்கள் குமரி மாவட்டத்தில் அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்க கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். சிப்பியைச் சூளையில் சுட்டு எடுக்கிற சுண்ணாம்பு அது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியலில் நிறை கணக்கு சொல்லும்போது நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். சிப்பியில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அது 100 கிலோ முழுதாக வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் போய்விடும்.

முதல் சறுக்கல், சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றுகிற இடத்திலேயே. சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று இருப்பதால் 56 கிராம் சுண்ணாம்புக்கு 56 கிராம் தண்ணீர் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒன்று மோல் (துகள்களை எண்ணும் அலகு) எண்ணிக்கை, எடை அல்ல. ஒரு மோல் சுண்ணாம்பு 56 கிராம், ஒரு மோல் தண்ணீர் 18 கிராம்தான். (நேரில் நீற்றும்போது இதைவிடக் கூடுதல் ஊற்றுவார்கள், கிளம்பும் சூட்டில் ஒரு பங்கு ஆவியாகிவிடும்.)

சிப்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கும் கணக்கில், சமன்படுத்தாமலே பெருக்கத் தொடங்குவது அடுத்தது. ஒரு மோல் கார்பனேட்டுக்கு அமிலம் 2 மோல். ஒரு மோலுக்கான 36.5 அல்ல, 73 கிராம்.

அதிகம் பேர் விழுவது தூய்மைச் சதவீதத்தில். சிப்பியில் 90 சதவீதமே கார்பனேட், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு வேண்டும் என்று கேட்டால், 100-ஐ 0.9-ஆல் பெருக்கி 90 கிலோ என்பார்கள். "மக்களே, மண்ணும் உப்பும் ஒட்டின சிப்பி கூடுதலா வேணுமா, குறைச்சலாவா?" என்று கேட்டதும் முகம் தெளியும். வகுக்க வேண்டும்: சுமார் 111 கிலோ. விடை வந்ததும் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும். அமிலத்திலும் இதே கதைதான். அடர் அமிலத்தில் எடையில் ஏறக்குறைய 36.5 சதவீதமே ஹைட்ரஜன் குளோரைடு, மீதி தண்ணீர். 73 கிராம் வேண்டுமென்றால் பாட்டிலிலிருந்து 200 கிராம் எடுக்க வேண்டும். அதை 200 மில்லி என்று அளந்துவிடாதீர்கள், அடர்த்தி 1.18 என்பதால் சுமார் 170 மில்லி.

கடைசியாக, வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள். 80 கிராம் கார்பனேட்டும் 73 கிராம் ஹைட்ரஜன் குளோரைடும் கொடுத்தால், எடை குறைந்தது முதலில் தீரும் என்று நினைத்துவிடுகிறார்கள். மோலாக்கிப் பாருங்கள்: கார்பனேட் 0.8 மோல், அதற்குத் தேவை ஹைட்ரஜன் குளோரைடு 1.6 மோல், அதாவது 58.4 கிராம். தீருவது கார்பனேட், மிஞ்சுவது 14.6 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு.