பாதியில் படிப்பை விடப்போகும் பிள்ளையைத் தக்கவைப்பது எப்படி? கடலூர் மாவட்ட வகுப்பாசிரியர்களுக்கு

பத்தாம் வகுப்பில் படிப்பை விடுகிற பிள்ளையை எட்டாம் வகுப்பு வருகைப்பதிவேட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரேயடியாக யாரும் நின்றுவிடுவதில்லை. திங்கட்கிழமை லீவு, மழை விடுமுறைக்கு மறுநாளும் லீவு, திருவிழா முடிந்து இரண்டு நாள் லீவு என்றுதான் தொடங்கும். மாதத்தில் இரண்டு நாள்தானே என்று தோன்றும். வேலைநாட்களில் அது பத்தில் ஒரு பங்கு.

மாதக் கடைசியில் பதிவேட்டை மூடும் முன் இரண்டு நாளோ அதற்கு மேலோ வராதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழிலோ கணக்கிலோ ஃபெயிலானவருக்கு ஒரு குறி போடுங்கள். அடிக்கடி சண்டைக்குப் போகிறவருக்கும், கலகலவென்று இருந்துவிட்டுத் திடீரென வாய்மூடிப் போனவருக்கும் இன்னொரு குறி. அமெரிக்காவில் பிலடெல்பியா மாணவர்களை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வும் வருகை, நடத்தை, பாடத் தோல்வி ஆகியவற்றை ஆறாம் வகுப்பிலிருந்தே கவனிக்கச் சொன்னது. இரண்டு குறியும் விழுந்த பிள்ளையிடமிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. பள்ளி திறக்கிற அதே மாதத்தில் விசைப்படகுகளும் கடலுக்குக் கிளம்புகின்றன. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கரையோரப் பள்ளிகளில் ஜூன் பிற்பகுதியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களைத் தினமும் எண்ண வேண்டும். பண்ருட்டிப் பக்கம் கையைப் பாருங்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் விரல் நுனி கறுத்து, தோல் உரியும். அந்தக் கையோடு வருகிற பிள்ளை வீட்டில் கொட்டை உடைத்துவிட்டு வருகிறது. அடுத்த கட்டம் வராமலே போவதுதான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நோட்டு நனைந்த பிள்ளை, வீட்டுப்பாடம் கேட்பார்களே என்று பயந்தே நின்றுவிடும். பள்ளி திறந்த முதல் நாள் இரண்டு புது நோட்டு கொடுத்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் பழைய நோட்டைக் கேட்காமல் இருங்கள்.

முதல் நாள் வரவில்லையென்றால் போன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரணை. மூன்றாம் நாள் நேரில் போய்விட வேண்டும். ஒரு வாரம் கடந்தால் நின்றதற்கான காரணமே தீர்ந்துபோயிருக்கும். எல்லார் முன்னாலும் எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சம்தான் மிச்சமிருக்கும். காய்ச்சலைவிட அது பிள்ளையை அதிக நாள் வீட்டில் வைக்கும்.

தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருக்காரர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். மீன் விற்கிற அம்மாக்கள் காலையில் வீட்டில் இருக்கமாட்டார்கள். மதிப்பெண், நோட்டீஸ் என்ற பேச்சே வாசலில் வேண்டாம். "ஏம்மா, தம்பிய மூணு நாளா காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் போதும். "இல்லீங்க சார், அக்கா கல்யாணக் கடன் இருக்கு, வேலைக்குப் போனா ரெண்டு காசு வருது" என்று உள்ளது வெளியே வரும்.

அந்தப் பேச்சுக்குப் பதிலாக எதிர்காலம், கலெக்டர் ஆகலாம் என்று சொன்னால் எடுபடாது. காசுக்குக் காசாலேயே பதில் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படிப் படித்தவருக்குத்தான். நடுவில் நிறுத்தி டுடோரியலில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிற பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிள்ளையை வகுப்பில் விசாரிக்காதீர்கள். நெருங்கிய நண்பன் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதன்பின் ஒரே ஆசிரியர் வாரம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவர வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான 'செக் அண்ட் கனெக்ட்' முறை, ஒரே வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டாவது கூட இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கொரு ஆள் மாறினால் பிள்ளை யாரையும் நம்பாது.

உண்மையான முடிச்சு பெரும்பாலும் வாசிப்பில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைத் தனியறையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பத்தாம் வகுப்பு கைடு எதற்கும் உதவாது. தினம் 30 நிமிடம், நான்கைந்து பேராக, எழுத்துக்கூட்டலில் தொடங்கி, கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும் வகுத்தலும் நடத்துங்கள். மதிய இடைவேளையில் எல்லோரும் பார்க்கிற மரத்தடியில் நடத்தினால் 'மக்கு செட்' என்று பெயர் விழும். மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் முதலில் கழிப்பறையையும் பேருந்து நேரத்தையும் பாருங்கள். பல ஊர்களில் எட்டோடு உள்ளூர்ப் பள்ளி முடிகிறது. இலவச சைக்கிளோ பதினொன்றில்தான் வருகிறது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு ஒரே ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். சிறப்பு வகுப்பைக் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் அன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டும். பத்திரிகை அடிக்கும்வரை காத்திருந்தால் குடும்பம் பின்வாங்காது.

கிள்ளைப் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லாததே பத்தோடு நிற்கக் காரணமாகிவிடுகிறது. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தருவார். நேரில் விசாரணையும் இருக்கும். எட்டாம் வகுப்பிலேயே மனு போட்டுவிடுங்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த பிள்ளையிடம் டிசி இல்லையென்றாலும் எட்டாம் வகுப்புவரை சேர்த்தே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பத்தாம் வகுப்பு முடிவு வருகிற அன்று, ஒரு பாடத்தில் போனவர்களின் பட்டியலோடு பள்ளியிலேயே இருங்கள். உடனடித் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். அந்த நாட்களில்தான் பையன் திருப்பூருக்குப் பையைத் தூக்குகிறான். அன்று மாலைக்குள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, மறுநாள் பள்ளிக்கு வரவழைத்து, விண்ணப்பத்தைப் பதிவு செய்து, தேர்வுவரை காலையில் இரண்டு மணி நேரம் அந்த ஒரு பாடத்தை மட்டும் நடத்துங்கள்.