பாட்டி (potty) சேரில் உட்காராத குழந்தை: கால் ஊன்றியதும் சரியானது

பொண்ணுக்கு எட்டு மாதம், தானாக உட்காருவாள். குழந்தை ஆய் போக உட்கார வைக்கும் பாட்டி சேரில் வைத்தால் மட்டும் உடம்பை விறைத்து அழுவாள், எடுத்து டயப்பர் கட்டிய உடனே அதிலேயே ஆய் போவாள். பாட்டுப் பாடுகிற சேர் வாங்கினோம், பொம்மை கொடுத்தோம், எதுவும் ஆகவில்லை.

அப்புறம் கோபியிலிருந்து அம்மாயி வந்தார்கள். "இங்க கொண்டா கண்ணு" என்று காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை வைத்து 'ஸ்ஸ்' என்றார்கள், ஆய் போய்விட்டாள். அந்தச் சத்தத்தால்தான் என்றார்கள் எல்லோரும். நான் கவனித்தது வேறு: அவளுடைய உள்ளங்கால் தரையில் அழுந்தியிருந்தது, முட்டி இடுப்பைவிட மேலே இருந்தது. குந்தினால் குடல் முடிவில் இருக்கும் வளைவு நிமிர்ந்து, முக்குவது சுலபமாகும். எங்கள் சேரிலோ கால் அந்தரத்தில் தொங்கியது.

பவானி ஜமக்காளத்தைத் தடிமனாக மடித்து, சேரின் இரண்டு பக்கமும் காலுக்கு அடியில் வைத்தேன். காலையில் பால் குடித்ததும் உட்கார வைத்தேன், வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதால் அந்த நேரம். அழாமல் போனாள், அப்பாடா என்றிருந்தது. இப்போது முகம் சிவந்து அசையாமல் இருந்தாலே தூக்கிப் போய் வைக்கிறோம், ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எடுத்துவிடுகிறோம், கட்டாயப்படுத்துவதில்லை. மூத்திரத்துக்கு இன்னும் டயப்பர்தான்.